பார்வைக் குறைபாட்டோடு பேராதனைக்குப் போகும் தங்கச்சிக்கு: எதை, யாரிடம், எப்போது கேட்பது

தலவாக்கலைப் பக்கமுள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். கண்ணில் ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். எதிரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் தெரிவதில்லை. மங்கலான வெளிச்சத்தில் நடக்கச் சிரமம். வாசிக்க மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கிறது. உயர்தரப் பரீட்சையை யாரிடமும் சொல்லாமல் எல்லோருக்கும் உள்ள நேரத்திலேயே எழுதி முடித்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா, சொன்னால் கூடுதல் நேரம் கிடைக்குமா, யாரிடம் கேட்பது என்று கேட்கிறார். "சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள், பிறகு டீச்சர் வேலையும் கிடைக்காது" என்று அப்பா பயப்படுகிறாராம். அது உண்மையா என்பதும் கேள்வி.

தங்கச்சி, சொல்லுங்கள். ஆனால் நோயின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்களுக்கு எந்த வேலை சிரமம், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதிலும் வாங்குங்கள். அதையும் முதல் பரீட்சைக்கு நன்றாக முந்தியே செய்யுங்கள். மலையகத்திலிருந்து போகும் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நல்ல விரிவுரையாளர் ஒருவரிடம் வாயால் சொல்வார்கள், அவரும் "பார்த்துக்கொள்வோம்" என்பார். பரீட்சை மண்டபத்தில் நிற்பது வேறொருவர். அவர் கையில் ஒரு காகிதமும் இல்லாவிட்டால், மனமிருந்தாலும் அவரால் ஒரு நிமிடம்கூடக் கூட்டித் தர முடியாது.

முதல் வேலை டொக்டரின் கடிதம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நோயில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசாவில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் குறையும், நடுப் பார்வை நீண்ட காலம் தாக்குப்பிடிக்கும். சுவரில் உள்ள எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னால் நீங்கள் கடைசி வரிகளுக்குப் பக்கத்தில்கூடப் போய்விடலாம். கடிதத்தில் அந்த அளவு மட்டும் இருந்தால், அதைப் பார்க்கும் அலுவலர் "இந்தப் பிள்ளைக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருக்கும் இலக்கம் அதைத்தான் சொல்கிறது. ஆகவே பார்வைப் புலச் சோதனை, அதாவது கிளினிக்கில் ஃபீல்ட் டெஸ்ட் என்று சொல்கிறார்களே, அதன் முடிவும் கடிதத்தோடு கட்டாயம் இருக்க வேண்டும். பழைய முடிவு என்றால் புதிதாக ஒன்று எடுத்துத் தரும்படி கேளுங்கள். நுவரெலியாவில் காட்டுகிறீர்களோ கண்டி தேசிய வைத்தியசாலையில் காட்டுகிறீர்களோ, அங்குள்ள கண் வைத்திய நிபுணரின் கையொப்பமும் முத்திரையும் இருக்கட்டும். தோட்ட டிஸ்பென்சரியில் எழுதித் தரும் துண்டு இதற்குப் போதாது.

கிளினிக்கில் எவ்வளவு கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவோ அப்பாவோ ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய தோட்ட வேலையை, விட்டுவிட்டு உங்களோடு வருவார்கள், டொக்டருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரம் வீணாகாமல் இருக்க, வீட்டிலேயே ஒரு அரைப் பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: வரியைத் தொலைத்துவிட்டுத் திரும்பத் தேடுகிறேன், ஒரு பக்கம் வாசிக்க இவ்வளவு நேரம் ஆகிறது, வெயிலிலிருந்து உள்ளே வந்தால் சற்று நேரம் ஒன்றும் தெரிவதில்லை, மாலைக்குப் பிறகு படிக்கட்டில் தனியே இறங்க முடியாது. இப்படி. கடிதத்தில் மூன்று விஷயம் வர வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள்: நோய் என்ன, அது நிலையானதா கூடிக்கொண்டு போவதா, படிப்பிலும் பரீட்சையிலும் என்ன ஏற்பாடு தேவை. கடைசி வரி இல்லாத கடிதத்தோடு திரும்பி வந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். இரண்டாம் தடவை போகிற பஸ் காசும் நாள் சம்பளமும் யாருக்கும் லேசான விஷயமில்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது, பல்கலைக்கழக சுகாதார நிலையத்தில் அது சட்டென்று நகரும்.

அடுத்தது, என்ன கேட்பது. "கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பதை எனக்கும் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார்கள். சிலருக்கு அது வரப்பிரசாதம். உங்களுக்கு அது பாதகமாகவும் முடியலாம். பார்வைப் புலம் குறுகியவருக்கு எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரு பார்வைக்குள் அகப்படும் சொற்கள் குறையும், வரி இன்னும் சுலபமாகத் தொலையும். அதனால் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, சாதாரண அளவிலும் பெரிதாக்கியும் வீட்டில் நேரம் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒரு மேசை விளக்கோடும் பாருங்கள். வரிக்குக் கீழே கறுப்பு அட்டை வைத்தும் பாருங்கள். எது உண்மையில் உதவுகிறதோ அதைக் கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல வெளிச்சமும் தெளிவான கறுப்பு எழுத்தும் கூடுதல் நேரமும்தான் கைகொடுக்கின்றன.

கூடுதல் நேரத்தைத் தொகையோடு கேளுங்கள். உலகில் பல பல்கலைக்கழகங்களில் 25 சதவீதம் என்பது வழக்கமான தொடக்க அளவு. மணித்தியாலத்துக்கு 15 நிமிடம், 3 மணித்தியாலத் தாளுக்கு 45 நிமிடம். அதற்கு மேல் தேவை என்றால் டொக்டரின் கடிதத்தில் அது இருக்க வேண்டும். இதில் எதுவும் உங்களுக்கு மார்க் போட்டுத் தருவதில்லை. வினா அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான், சித்தியடைய வேண்டிய புள்ளியும் அதேதான். தாளை வாசித்து முடிக்க உங்கள் கண்ணுக்கு ஆகும் நேரத்தை மட்டும்தான் திருப்பிக் கேட்கிறீர்கள். அப்பாவிடமும் இதை இப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் எழுதும் கோரிக்கைக் கடிதம் பீடாதிபதிக்கு எழுதப்பட வேண்டும். பிரதி பீடத்தின் உதவிப் பதிவாளருக்கும், பல்கலைக்கழகப் பிரதம மருத்துவ அதிகாரிக்கும், நீங்கள் படிக்கும் துறைகளின் தலைவர்களுக்கும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவோ பொறுப்பான விரிவுரையாளரோ இருக்கிறாரா என்று பதிவு நாளிலேயே கேளுங்கள். இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"நான் இவ்வாண்டு கலைப் பீடத்துக்கு அனுமதி பெற்ற மாணவி. எனக்குப் பார்வைப் புலம் குறுகியுள்ளது. மருத்துவ அறிக்கையும் சோதனை முடிவும் இணைக்கப்பட்டுள்ளன. இதனால் வாசிக்க அதிக நேரம் எடுக்கிறது, மங்கலான வெளிச்சத்தில் தனியே நடமாட முடிவதில்லை. எனவே எழுத்துப் பரீட்சைகளில் மணித்தியாலத்துக்கு 15 நிமிடம் கூடுதல் நேரம், நல்ல வெளிச்சமுள்ள கீழ்த்தள மண்டபத்தில் இடம், விரிவுரைக் குறிப்புகளின் கணினிக் கோப்பு, விரிவுரைகளை என் சொந்தப் பாவனைக்கு ஒலிப்பதிவு செய்ய அனுமதி ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஏற்பாடுகள் எனது பட்டப்படிப்பு முடியும்வரை எல்லாப் பரீட்சைகளுக்கும் பொருந்துமாறு தீர்மானித்து, எழுத்து மூலம் அறியத்தருமாறு வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். கடிதத்தைக் கையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. அரச நிறுவனம் எதற்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் உங்கள் நோக்கம் முதல் பரீட்சைக்கு முன் முடிவு பெறுவது. ஆகவே தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கென்று பைல் ஒரு மேசையில் கிடப்பதைவிட அது மேல்.

மருத்துவ விவரம் எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமா என்ற தயக்கம் நியாயமானது. சுகாதார நிலையத்துக்கும் பீடாதிபதிக்கும் மட்டும் முழு அறிக்கையைக் கொடுத்து, துறைகளுக்குப் போகும் பிரதியில் தேவைப்படும் ஏற்பாடுகளை மட்டும் எழுதலாம். விரிவுரையாளருக்கு உங்கள் விழித்திரையின் கதை தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குக் கோப்பு வேண்டும், நேரம் வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

கோப்பு என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் தொல்லை இது, இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இலங்கையில் தமிழ்க் குறிப்புகள் நிறைய இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்யப்படுகின்றன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் குவியல். திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத் தமிழாக வாசிக்காது, அர்த்தமில்லாத ஆங்கில ஓசைகளாகத்தான் உச்சரிக்கும். "குறிப்பு அனுப்பிவிட்டேனே" என்று விரிவுரையாளர் உண்மையாகவே நினைப்பார், உங்களுக்கோ அது வெறும் கோப்பு. அதனால் "யூனிகோட் எழுத்துருவில்" என்று சேர்த்துக் கேளுங்கள். வந்தது பாமினி என்றாலும் கலங்க வேண்டாம், பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டினால் மாறிவிடும். உண்மையில் மோசமானது, போட்டோ கொப்பியை ஸ்கேன் செய்து பி.டி.எஃப் ஆக அனுப்புவதுதான். அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும், தமிழிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறது. கோணலாகவும் நிழலடித்தும் எடுத்த பக்கங்களில் பிழைகள் மலியும்.

கணினியில் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். தமிழையும் வாசிக்கும், குரல் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். அன்ட்ரொயிட் போனில் அதே வேலைக்கு டோக்பேக் இருக்கிறது. உங்களுக்கு இன்று கண்ணால் வாசிக்க முடிகிறது என்பதால் இவை வேண்டாம் என்று தள்ளாதீர்கள். முதலாம் வருடத்திலேயே காதால் வாசிக்கப் பழகினால் கண்ணைத் தாளுக்கும் பரீட்சைக்கும் மிச்சம் வைக்கலாம். நூலகத்தில் பார்வைக் குறைபாடுள்ளோருக்கு என்ன வசதி இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே போய்க் கேளுங்கள்.

பாடத் தெரிவிலும் ஒரு வார்த்தை. புவியியலில் வரைபட வேலை இருக்கிறது, தொல்லியலில் வெளிக்களப் பயணம் இருக்கிறது. விருப்பமிருந்தும் கண்ணைக் காரணம் காட்டி அவற்றை நீங்களாகவே கைவிடாதீர்கள். துறைத்தலைவரைச் சந்தித்து, இந்த ஒப்படையை வேறு எப்படிச் செய்யலாம் என்று கேளுங்கள்.

இனி இடம். பேராதனை அழகான வளாகம், ஆனால் அது ஹந்தானை மலைச்சரிவில் கிடக்கிறது. விடுதி ஒரு மேட்டில், விரிவுரை மண்டபம் ஒரு பள்ளத்தில், நடுவே படிக்கட்டுகள், மரநிழல். மாலை ஆறரைக்குப் பிறகு உங்களுக்கு அது பகலில் பார்த்த வளாகமாக இருக்காது. மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் இருண்டுவிடும். விடுதிக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கடிதத்தின் பிரதியை இணைத்து, பீடத்துக்குக் கிட்டிய விடுதியும் கீழ்த்தள அறையும் கேளுங்கள், நான்கு வருடமும் விடுதி வேண்டும் என்றும் எழுதுங்கள். மாலை விரிவுரை அல்லது டியூட்டோரியல் குழு இருந்தால் பகல் குழுவுக்கு மாற்றக் கேட்கலாம். வெள்ளைப் பிரம்பு பழகுங்கள் என்பேன். பகலில் தேவையில்லை, இருட்டில் அது படியைச் சொல்லும், எதிரே வருகிறவருக்கும் உங்களைப் பற்றிச் சொல்லும். இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, விழுந்து காலை உடைத்துக்கொள்வதுதான் படிப்பைக் கெடுக்கும்.

பகிடிவதையையும் பேசாமல் இருக்க முடியாது. முதலாம் வருடப் பிள்ளைகளை இரவில் கூட்டிப்போவது, இருட்டில் நடக்கவைப்பது எல்லாம் உங்களுக்கு நேரடி ஆபத்து. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். சிரேஷ்ட மாணவர் ஆலோசகரை முதல் நாட்களிலேயே சந்தித்து உங்கள் நிலையைச் சொல்லி வையுங்கள். அறைத்தோழிகளிடமும் சொல்லுங்கள். பக்கவாட்டில் வந்து சிரித்தவரைக் காணாமல் நீங்கள் கடந்துபோனால் திமிர் என்று நினைப்பார்கள், காரணம் தெரிந்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

பதில் வராவிட்டால்? இரண்டு வாரம் பாருங்கள். பிறகு முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல் கடிதம். அதற்கும் அசைவில்லை என்றால் மாணவர் ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு பீடாதிபதியை நேரில் பாருங்கள், பெரும்பாலான விஷயங்கள் அந்த மேசையில் தீர்ந்துவிடும். அங்கும் தீராவிட்டால் துணைவேந்தர். உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன தீர்மானம் எடுக்கப்பட்டது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கடிதம் போனவுடனேயே தூங்கிய பைல் எழும்புவதுண்டு.

சட்டத்தில் உங்கள் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதன் 23ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலும் வேலைக்கு எடுப்பதிலும் மாற்றுத்திறனைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கூடுதல் நேரம் பற்றி அது விவரமாகப் பேசவில்லை. அதைப் பேசுவது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம். உயர்கல்வியிலும் நியாயமான ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்று அதன் 24ஆம் உறுப்புரை சொல்கிறது, இலங்கை 2016இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. சமவாயம் நம் நீதிமன்றத்தில் உள்நாட்டுச் சட்டம்போல நேரடியாக ஓடாது, ஆனாலும் கடிதத்தில் ஒரு வரியாக அதைக் குறிப்பிடுவது நல்லது. கட்டடங்களுக்கு 2006இன் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் இயங்கிய செயற்பாட்டாளர் அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சக்கர நாற்காலியில் வரும் தம்பி தங்கச்சிமார் இந்த இரண்டையும் கடிதத்தில் எழுதலாம். அவர்களுக்குப் படியேறும் தொல்லைக்கு மருந்து, விரிவுரையையே கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேட்பதுதான். நண்பர்கள் தூக்கிப்போவதை ஏற்பாடாக நினைக்க வேண்டாம்.

எல்லாம் தோற்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது, கண்டியில் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அநீதி நடந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கும் அந்த ஒரு மாதம்தான் எல்லை. அதற்குள் ஆணைக்குழுவிடம் போனால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லைக்குள் எண்ணப்படாது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், முறையாகக் கொடுத்த கடிதமும் நல்ல மருத்துவ அறிக்கையும் இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டி வருவது குறைவு.

அப்பாவுக்கு: ஐயா, உங்கள் பயம் காரணமில்லாமல் வந்ததில்லை. லயத்தில் ஒரு பிள்ளைக்குக் குறை என்றால் ஊர் என்னென்ன பேசும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூடுதல் நேரத்தில் பரீட்சை எழுதினார் என்று பட்டச் சான்றிதழில் போடுவதில்லை. நான் சொன்ன அதே 23ஆம் பிரிவு வேலைக்கும் பொருந்துகிறது. அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் இருக்கிறது. மறைத்துவிட்டுப் படித்து, நேரம் போதாமல் வகுப்புச் சித்தி கைநழுவினால், அந்தப் புள்ளிதான் மகளோடு கடைசிவரை வரும்.

இன்னும் உயர்தரம் எழுதாத பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்கள் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். கூடுதல் நேரம், எழுதுவதற்கு ஆள், பிரெய்ல் தாள் போன்றவற்றைப் பரீட்சைத் திணைக்களமே தருகிறது. விண்ணப்பத்தின்போதே அதிபர் ஊடாக, மருத்துவ அறிக்கையோடு கேட்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலிலும் மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரிகளுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது, அந்தப் பகுதியை வாசிக்காமல் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம். உதவித்தொகை, உதவிச் சாதனங்கள் பற்றி பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

தங்கச்சி, பதிவு நாளில் பைலில் இவை இருக்கட்டும்: நிபுணரின் கடிதம், பார்வைப் புலச் சோதனை முடிவு, கிளினிக் கொப்பியின் பிரதி, பீடாதிபதிக்கான கடிதம் தமிழிலும் ஆங்கிலத்திலும், விடுதிக் கோரிக்கை. எல்லாவற்றிலும் சில பிரதிகள், போனில் ஒவ்வொன்றின் படமும். அப்புறம், இந்த நோய் மெதுவாகக் கூடக்கூடியது என்பதால் வருடம் ஒருமுறை சோதனையைத் திரும்ப எடுங்கள். புலம் குறுகியிருந்தால் பழைய அனுமதியோடு ஒட்டிக்கொண்டிருக்காமல், புதிய முடிவை இணைத்து, நேரத்தையும் ஏற்பாடுகளையும் திருத்தித் தரும்படி மீண்டும் எழுதுங்கள்.